பதினைந்து மில்லி போதும்

“குளிருதாம்மா?” என்று டாக்டர் இசோபே சயோரி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

அறுவை மேஜையில் படுத்திருந்த உமேயோ அம்மாள் அவளை அண்ணாந்து பார்த்துக் கண் சுருங்கச் சிரித்தாள். “எல்லாம் கச்சிதமான பதத்துல இருக்குங்க. ரொம்ப நன்றி.”

சயோரியின் கையில் இருந்தது ஐஸ் பை. அதை அவள் வைத்திருந்த இடம் அந்த அம்மாளின் இடது உள்ளங்கை. அக்குளில் மரப்பு ஊசி போட்டுப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. கை நரம்பு தூங்கிவிட்டது என்றால் “ஒண்ணும் தெரியலையே” என்று பதில் வரவேண்டும். தூங்கவில்லை என்றால் “ஐயோ, ஜில்லுன்னு இருக்கு” என்று வரவேண்டும். கச்சிதமான பதம் என்று ஒரு பதில் அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

நர்ஸ் தெராய் மட்டும் கவலையே படவில்லை. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு இருந்த ஒரே கடமை எழுதுவது. “ஒன்பது இருபது. நோயாளி சொன்னது: எல்லாம் கச்சிதமான பதத்துல இருக்குங்க, ரொம்ப நன்றி” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அந்த ஆஸ்பத்திரியில் அது வேதம். நோயாளி வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதவேண்டும். டாக்டர் நினைப்பதெல்லாம் அதற்கு அடுத்த வரிதான்.

“டாக்டர், அடுத்த வரியில என்ன போட?”

“கொஞ்சம் இருங்க. நானே யோசிச்சிட்டிருக்கேன்.”

உமேயோ அம்மாளுக்கு அறுபத்தாறு வயது. மேட்டுத்தெருவில் வெந்நீரூற்று விடுதி நடத்துகிறவள். நாற்பது வருஷமாக வாசலில் மண்டியிட்டு வரவேற்று, வாசலில் நின்று வழியனுப்பிப் பழகிய உடம்பு. மூன்று நாளைக்கு முன்பு விருந்தாளிகளின் பஸ் வளைவு திரும்பி மறைகிறவரை குனிந்து வணங்கிக்கொண்டே நின்றிருக்கிறாள். பஸ் மறைந்தது. நிமிர்ந்தாள். காலடியில் பனி வழுக்கியது. இடது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. எழுந்து உட்கார்ந்தவள், பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் பார்த்துவிடவில்லையே என்றுதான் முதலில் கேட்டாளாம். ஆஸ்துமா வேறு இருப்பதால் முழுசாகத் தூங்க வைக்காமல் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வது என்று முடிவாகியிருந்தது.

இன்று காலையில் உள்ளே வரும்போதுகூட, அட்டையும் பேனாவுமாகத் தெராய் குனிந்தவுடன், கேட்பதற்கு முன்னாலேயே பெயர், பிறந்த தேதி, “இடது மணிக்கட்டு” என்று மூன்றையும் ஒப்பித்துவிட்டாள். “என்ன ஒரு பாங்கு! கேக்கவே வேண்டாம் போலிருக்கு” என்று தெராய் உருகிப்போனாள்.

எலும்பு டாக்டர் கமதா கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு முழங்கைகளிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். 

“என்ன சிட்டிகை, ஆச்சா?”

சிட்டிகை என்பது அவர் சயோரிக்கு வைத்த பெயர். அவளுக்கு முன்னால் இருந்த மயக்க மருந்து டாக்டர் ஆள் பார்க்காமல் நாற்பது மில்லி அடிப்பவர். கமதா கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் நோயாளியின் கை விறகுக்கட்டை ஆகியிருக்கும். சயோரி அப்படி இல்லை. ஆளை எடை போடுவாள், கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவாள், அப்புறம் ஸ்கேன் கருவியை அக்குளில் வைத்து நரம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுவாள். இந்த அம்மாள் நாற்பத்தொரு கிலோ. இந்த உடம்பு அதிகபட்சம் இருபத்துநாலு மில்லி தாங்கும். அதைத் தாண்டினால் மருந்து ரத்தத்தில் ஏறி மூளையைத் தொடும், இதயத்தைத் தொடும். ஆனால் சரியான இடத்தில் விட்டால் பதினைந்து மில்லி போதும் என்பது அவள் கட்சி. பதினைந்துதான் போட்டிருந்தாள்.

“பதினஞ்சு மில்லி நல்லா வேலை செய்யும் சார். ஆனா இருபது நிமிஷம் பொறுக்கணும்” என்றாள்.

“போன வாரம் ரெண்டு கேஸ்ல பொறுத்தேன். எனக்குப் பொறுமை வந்துச்சே தவிர நேரம் திரும்பி வரல. சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னிக்கு சொதப்பினா, திங்கக்கிழமைலேர்ந்து வெளி ஆளைக் கூப்பிட்டு கை கேஸ் எல்லாத்தையும் முழு மயக்கத்துலதான் செய்யப்போறேன். நீ வெளிநோயாளி அறையில உக்காந்து, மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி யாருக்குப் பல்லு ஆடுதுன்னு கேட்டு எழுதிக்கோ. காகிதம் தயாரா இருக்கு. என் முத்திரை ஒண்ணுதான் பாக்கி.”

இந்த வேலை சயோரிக்கு உயிர். நாலு வருஷம் நகரத்தில் கண் எரிய எரிய இதைத்தான் கற்றுக்கொண்டாள். விளக்கை மங்கலாக்கிவிட்டு ஸ்கேன் திரையைப் பார்க்கிறபோது அவளுக்கு வேறு எதுவும் நினைவில் நிற்பதில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கடல் மெதுவாக அசையும். நடுவில் ரத்தக் குழாய் துடிக்கும். அதை ஒட்டி நரம்புகள் மூன்று, தேனடை போலப் புள்ளி புள்ளியாக, உறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடக்கும். ஊசி முனையிலிருந்து மருந்து கறுப்பாகப் பரவி ஒவ்வொன்றையும் போர்த்தும். குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரிதான் அவளுக்கு அது. அதை விட்டுவிட்டு ஆடுகிற பல்லை எண்ணுவதா?

அவள் மறுபடி குனிந்தாள். “அம்மா, இன்னும் கொஞ்சம் மருந்து சேர்க்கட்டுமா?”

“வேண்டிய மட்டும் எடுத்துக்குங்க. கூச்சப்படவே கூடாது” என்றாள் உமேயோ அம்மாள்.

“பாத்தீங்களா, அவங்களே கேக்கறாங்க” என்றாள் தெராய்.

அப்படியானால் மரக்கவில்லை போலிருக்கிறது. சயோரி ஸ்கேனை எடுத்து, நாலு மில்லி சேர்த்தாள். மொத்தம் பத்தொன்பது.

ஐந்து நிமிஷம் கழித்துக் கமதா இடுக்கியை எடுத்து உமேயோ அம்மாளின் சுண்டுவிரலைக் கிள்ளினார். “வலிக்குதாம்மா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதே சிரிப்பு. “பரவாயில்லைங்க, பரவாயில்லை. தயங்காதீங்க.”

கமதா இடுக்கியைத் தட்டில் போட்டார். “வலிக்குதுன்னு அர்த்தம்.”

“பரவாயில்லைன்னுதானே சார் சொன்னாங்க?”

“நீ வெளியூர். உனக்குத் தெரியாது. இந்த மலைப்பக்கத்துப் பொம்பளைங்க கையை வெட்டித் தனியா எடுத்து வெச்சாலும் பரவாயில்லைன்னுதான் சொல்லுவாங்க. எங்கம்மா அப்படித்தான். பிரசவ வலியோட மூணு பேருக்குச் சோறு போட்டுட்டு, அப்புறமா என்னைப் பெத்தாங்க.”

“ஆமாமா, எங்க மாமியாரும் அதே ரகம்” என்றாள் தெராய். “அவங்க ‘பரவாயில்லை’ன்னு சொன்னா நாங்க ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம்.”

இருவரும் சேர்ந்து இப்படிச் சாட்சி சொன்னால் சயோரி என்ன செய்வாள்? இன்னும் ஐந்து மில்லி போட்டாள். இருபத்துநாலு. எல்லைக்கோட்டில் கால் வைத்தாயிற்று. இனி ஒரு சொட்டு கிடையாது.

மேலே இருந்த சின்ன ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் இதயத் துடிப்பைச் சொல்லும் கருவி மட்டும் நிதானமாகச் சத்தம் போட்டது. அந்த அமைதியில் உமேயோ அம்மாள் தானாகவே, குழைவான குரலில் பேச ஆரம்பித்தாள்.

“யாரோ ஒரு விருந்தாளி கையை இங்க மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு போலிருக்கு. என் மேல கிடக்கு. முன்கூடத்துல சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க. பாவம், தேடுவாரு.”

தெராயின் பேனா நின்றது. “டாக்டர்... இதையும் எழுதணுமா?”

சயோரிக்கு உள்ளுக்குள் திக்கென்றது. மரத்துப்போன கை அடுத்தவர் கை மாதிரிதான் தோன்றும், அது நல்ல சேதி. ஆனால் மருந்து மூளைக்கு ஏறினாலும் ஆள் உளறும், அது கெட்ட சேதி. நேற்று வார்டில் போய்ப் பார்த்தபோது எவ்வளவு தெளிவாகப் பேசினாள் இந்த அம்மாள்! கேட்ட கேள்விக்குச் சரியான பதில். மருந்தோ சாப்பாடோ ஒத்துக்கொள்ளாத கதை உண்டா என்றால் “பதினெட்டு வயசுல ஒரு தடவை கெளுத்தி மீன்” என்று வயசோடு சொன்னவள்.

புத்தகத்தில் இருக்கிற வரிசைப்படி விசாரிக்க ஆரம்பித்தாள். “அம்மா, காதுல மணி அடிக்கிற மாதிரி கேக்குதா?”

உமேயோ அம்மாள் ஜன்னல் பக்கம் கண்ணை ஓட்டினாள். “இந்தப் பருவத்துல எப்பவும் இப்படித்தாங்க. மார்ச் மாசம் வந்தா சரியாயிடும்.”

“மார்ச் மாசமா!” என்றார் கமதா.

சயோரியின் நெற்றியில் வியர்த்தது. முகக்கவசத்துக்கு மேலேயே தன் வாயைச் சுட்டிக் காட்டிக் கேட்டாள். “வாயில? வாயில ஏதாவது ருசி தெரியுதா?”

“குடிக்கலாம், குடிக்கலாம். கொஞ்சம் இரும்பு வாடை அடிக்கும். வயித்துக்கு ரொம்ப நல்லது.”

இரும்பு வாடை! மருந்து அளவு மீறியதற்குப் புத்தகம் சொல்லும் அடையாளம் அச்சு அசலாக அதுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது என்றே சயோரி நினைத்தாள்.

“தெராய் அக்கா! அந்த வெள்ளை மருந்து, கொழுப்புப் பாட்டில், ஓடுங்க!”

தெராய் ஓடினாள். மருந்து விஷமாக மாறினால் அதை உறிஞ்சிக்கொள்ள ரத்தத்தில் ஏற்றுகிற பாட்டில் அது. பாலைப்போல வெள்ளையாக இருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் அதை யாரும் திறந்ததே இல்லை. தெராய் அதை இரண்டு கையாலும் ஏந்தி, பூஜைக்குக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். கமதா சுவரோரம் போய் நின்றுகொண்டார். தன் நோயாளி என்பதைவிட, இனி இது சயோரியின் நோயாளி என்று காட்டுகிற நிற்பு அது.

பாட்டிலைப் பார்த்ததும் உமேயோ அம்மாளின் முகம் மலர்ந்தது. “இத்தனை உபசாரம் எதுக்குங்க? ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு. ஆத்து மீனை உப்புத் தடவிச் சுட்டிருக்கும். சேனைக்கிழங்கு ரசம் இருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வெந்நீர்ல இறங்கி வந்துடுங்க. பெண்கள் குளம் இடது பக்கம். பனி விழும்போது தலைக்கு மேல ஒரு துண்டு போட்டுக்கிட்டா, கண்ணை மூடினா தூக்கம் வந்துடும்.”

சொல்லி வைத்தாற்போல் தெராய் கொட்டாவி விட்டாள். கமதா சுவரில் சாய்ந்துகொண்டு, “சுட்ட மீனா...” என்று முனகினார். காலை ஆறு மணிக்கு அவசரத்தில் ஒரு சோற்று உருண்டையைக் கடித்துவிட்டு வந்தவர். அந்த அம்மாளின் குரலில் என்ன இருந்ததோ, அறையின் வெள்ளை விளக்கே கொஞ்சம் மஞ்சளாகிவிட்ட மாதிரி இருந்தது. தரையில் வைக்கோல் பாய் விரித்திருப்பதாகவும், கதவுக்கு அப்பால் வெந்நீர் விழும் சத்தம் கேட்பதாகவும் சயோரிக்கே ஒரு கணம் தோன்றியது. ஆவி எழும்புகிறது, யாரோ வாசலில் விருந்தாளிகளின் செருப்பை வரிசையாகத் திருப்பி வைக்கிறார்கள், இனி எங்கேயும் போகவேண்டாம்...

அவள் தலையை உதறிக்கொண்டாள். கருவியைப் பார்த்தாள். நாடி அறுபத்தெட்டு. ரத்த அழுத்தம் ஒழுங்கு. வலிப்பு இல்லை, நடுக்கம் இல்லை. பத்து நிமிஷம் பார்த்தாள். அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. மருந்து மூளைக்கு ஏறிய ஆளுக்கு மெனு இவ்வளவு வரிசையாக வராது.

அப்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சே, வாயையே பார்த்துக்கொண்டு கையைப் பார்க்காமல் விட்டோமே! இடது கையைத் தொட்டாள். வலது கையைவிட நன்றாகச் சூடாக இருந்தது. புறங்கை ரத்தக் குழாய்கள் புடைத்திருந்தன. உள்ளங்கையில் ஈரமே இல்லை. உறங்கிப்போன கையின் லட்சணம் அத்தனையும் இருந்தது.

“சார், இன்னொரு தடவை கிள்ளுங்க. நல்லா பலமா. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்காதீங்க. நான் நாடியைப் பாக்கறேன்.”

கமதா பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினார். பார்த்துக்கொண்டிருந்த தெராய் தன் விரலை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாடி அறுபத்தெட்டிலிருந்து அசையவில்லை. உமேயோ அம்மாள் பேச்சில் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். அவித்த முட்டை, ஊறுகாய், கடல்பாசி.

“ஆரம்பிங்க சார்” என்றாள் சயோரி.

அறுவை ஐம்பது நிமிஷம் நடந்தது. இத்தனை சுகமான ஐம்பது நிமிஷத்தை அந்த அறை கண்டதில்லை. கமதா எலும்பைப் பொருத்தினார், தகடு வைத்தார், திருகாணி முடுக்கினார். எப்போதும் சுத்தியலுக்குப் போட்டியாகக் கத்துகிறவர், இன்று ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகினார். தெராய் கேட்பதற்கு முன்பே கருவிகளை நீட்டினாள். உமேயோ அம்மாள் இடையிடையே, “நல்லா ஓய்வெடுங்க,” “அவசரமே இல்லை,” “பரவாயில்லைங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சயோரி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பனியைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள்.

கட்டுப் போட்டு முடித்ததும் கமதா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, மூலையில் இருந்த மேஜைக்குப் போய்த் தெராய் எழுதிய தாளைக் கையில் எடுத்தார். கனவு கலைந்துவிட்ட முகம்.

“கேளு. ஒன்பது இருபது, ஐஸ் வெச்சப்ப, ‘கச்சிதமான பதம்’. அதாவது குளிர்ச்சி தெரிஞ்சிருக்கு. மருந்து பத்தல. ஒன்பது இருபத்தஞ்சு, ‘வேண்டிய மட்டும் எடுத்துக்குங்க’. மருந்து பத்தலைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஒன்பது முப்பது, ‘பரவாயில்லை, தயங்காதீங்க’. வலியைப் பொறுத்திருக்காங்க. அப்புறம் காதுல மணி, வாயில இரும்பு. அதாவது மருந்து அதிகம். ஒரே ஆளுக்கு மருந்து பத்தாமலும் போயிருக்கு, அதிகமாவும் போயிருக்கு! இசோபே சயோரி, இந்தச் சாதனையை எந்த நாட்டுலயும் யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க.”

“சார், வெட்டும்போது நாடி அசையவே இல்லையே!”

“எங்க ஊர்ப் பொம்பளைங்க நாடியைக்கூட அடக்கி வெச்சுக்குவாங்க.”

“அது எப்படி சார் முடியும்? மரத்துப்போனதுக்கு அத்தனை அடையாளமும் கையில...”

“உன் அடையாளத்தை அடுத்த வரியில எழுதிக்கோ. முதல் வரி நோயாளியோட வார்த்தை. இங்க அதுக்குத்தான் மதிப்பு. வா, அவங்களையே கேட்டுடுவோம். அப்புறம் நான் அநியாயம் பண்ணினேன்னு நீ சொல்லக் கூடாது.”

கமதா மேஜையருகே போனார். தன் வாழ்நாளில் எந்த நோயாளியிடமும் காட்டாத பணிவோடு இடுப்பை வளைத்துக் குனிந்தார். “அம்மா, எங்களுக்காகப் பாக்க வேண்டாம். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. வலிச்சுதா, இல்லையா?”

சயோரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லுங்கள் அம்மா, ஒரே ஒரு வார்த்தை, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தன்முன் குனிந்து நிற்கிற மனிதரை உமேயோ அம்மாள் பார்த்தாள். வலது கையை நெஞ்சில் வைத்து, படுத்தபடியே தலையைத் தாழ்த்தினாள். குரல் தழுதழுத்தது. “எங்களால ஏதாவது குறை இருந்திருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுடுங்க. மறுபடியும் கண்டிப்பா வரணும்.”

கமதாவின் கண்கள் கலங்கிவிட்டன. “கேட்டியா? எலும்பு வரைக்கும் வெட்டியிருக்கோம். அவங்க நம்மகிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. எங்கம்மாவைப் பாத்த மாதிரியே இருக்கு.”

தெராய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் எழுதினாள்.

தன் கண் பொய் சொல்லியதா, நாடி பொய் சொல்லியதா, நாலு வருஷப் படிப்புப் பொய்யா என்று சயோரிக்கு விளங்கவில்லை. வலியோடு இந்த அம்மாளைக் கிடத்தி வைத்திருந்தோமா? அப்படியென்றால் திங்கட்கிழமையிலிருந்து பல் எண்ணப் போவதே சரி என்றுகூட நினைத்தாள். “போடுங்க சார்” என்றாள் மெதுவாக.

கமதா சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். முத்திரைக் கட்டையைச் சிவப்பு மையில் ஒற்றினார். கையெழுத்துக் கட்டத்துக்கு நேரே கொண்டுபோய், சற்றுத் தயங்கி, பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு இறக்கப்போனார்.

கதவு சரக்கென்று திறந்தது. வார்டு நர்ஸ் மூச்சு வாங்க உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள்.

“நல்லவேளை, இன்னும் இங்கதான் இருக்கீங்க! இது உமேயோ அம்மாவோட காது மெஷின் சார், ரெண்டு காதுக்கும். மோதிரம், பல்செட்டு எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்கன்னு ஏழு மணிக்கே இதையும் கழட்டி எங்க டிராயர்ல வெச்சுட்டோம். இது இல்லாம பக்கத்துல இடி விழுந்தாலும் அவங்களுக்கு ஒரு வார்த்தை கேக்காது.”